இஷாவுக்குப் பிறகு வீட்டுக்குள் வருவது யார்?

 



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வரும் தகப்பன்மார்கள் சிலரின் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். "ஹஜ்ரத், பையனுக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது. எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழுறான். பஜ்ருக்கு எழுப்பினா அசையுறதே இல்ல. கொஞ்சம் ஓதி ஊதிக் கொடுங்க" என்பார்கள். ஓதிக் கொடுப்பேன். குர்ஆனில் ஷிஃபா இருக்கிறது, அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: ராத்திரி அவனுடைய செல்போன் எங்கே தூங்குகிறது?

பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். தலையணைக்குப் பக்கத்தில்.

செல்போன் ஆகுமானதா, ஆகாததா என்ற விவாதத்துக்குள் இன்று நாம் போகப் போவதில்லை. அது காலாவதியான விவாதம். 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடியபோது பிள்ளைகளின் கையில் செல்லைக் கொடுத்தவர்கள் நாம்தான். பாடம் அதில்தான் வந்தது. இன்றும் வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. எனவே கேள்வியைச் சுருக்கிக் கொள்வோம். பகலில் எத்தனை மணி நேரம் என்பதை வேறொரு நாள் பார்க்கலாம். இன்று இரவை மட்டும் பார்ப்போம். இஷாவிலிருந்து பஜ்ர் வரை.

மூன்று நேரங்கள்

ஸூரத்துன் நூரின் 58-வது ஆயத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளர்களும், பருவமடையாத நம் பிள்ளைகளும் மூன்று நேரங்களில் நம் அறைக்குள் வருவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். பஜ்ர் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரம், இஷா தொழுகைக்குப் பின். இந்த மூன்றும் உங்களுக்கு மறைவான நேரங்கள் என்று அதற்குக் காரணமும் சொல்கிறான். அடுத்த ஆயத்தில், பிள்ளைகள் பருவமடைந்துவிட்டால் பெரியவர்களைப் போல எல்லா நேரத்திலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறான்.

யாரைப் பற்றிய சட்டம் இது என்று கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அந்நியரைப் பற்றியதல்ல. அந்நியர் எந்த நேரத்திலும் அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும். அது இதே ஸூராவின் 27-வது ஆயத்திலேயே வந்துவிட்டது. இங்கே பேசப்படுவது நம் மடியில் வளரும் பிள்ளை. பகலெல்லாம் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையே இஷாவுக்குப் பிறகு கதவருகில் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்றால், அந்த நேரத்துக்கு அல்லாஹ் எவ்வளவு பெரிய மரியாதையைக் கொடுத்திருக்கிறான்!

இனி நான் சொல்வது தஃப்ஸீர் கிதாபுகளில் உள்ள விளக்கமல்ல. ஆயத்தை ஓதிவிட்டு நம் வீடுகளைப் பார்க்கும்போது எழும் யோசனைதான். பெற்ற பிள்ளை அனுமதி கேட்க வேண்டிய அதே நேரத்தில், அந்தப் பிள்ளையின் படுக்கைக்கே யார் யாரோ கேட்காமல் வந்து போகிறார்கள். முகம் தெரியாதவன் விளையாட்டில் கூட்டாளியாக வருகிறான். ஆடையில்லாதவர்கள் வருகிறார்கள். கெட்ட வார்த்தையைச் சிரிப்பாக மாற்றி விற்பவர்கள் வருகிறார்கள். நம் வீட்டு வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் வாசல் வழியாக வரவில்லையே.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஷைத்தான்கள் பரவும் நேரம் அது என்றார்கள். பிறகு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை அடைக்கச் சொன்னார்கள். அடைத்த கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றார்கள். பாத்திரங்களை மூடவும், விளக்குகளை அணைக்கவும் சொன்னார்கள்.

இதில் விளக்கை அணைப்பதற்குக் காரணம், எலி திரியை இழுத்து வீட்டுக்குத் தீ வைத்துவிடும் என்பது. அதை நான் செல்போன் வெளிச்சத்துக்கு ஆதாரமாக இழுக்க மாட்டேன். ஹதீஸை நம் வசதிக்கு வளைப்பது ஆபத்தானது. (தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தத் தீயின் காரணம் அப்படியே பொருந்தும், அதைத் தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள்.) நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்த ஹதீஸின் வரிசையை. முதலில் பிள்ளை உள்ளே வர வேண்டும், பிறகு கதவு அடைக்கப்பட வேண்டும். நம் பிள்ளைகளின் உடம்பு ஏழு மணிக்கே உள்ளே வந்துவிடுகிறது. அதைப் பார்த்து நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். "எம்புள்ள ஊர் சுத்த மாட்டான் ஹஜ்ரத், வீட்டுலயேதான் இருப்பான்" என்று பெருமையாகச் சொல்லும் தாயிடம் என்ன சொல்வது?

இரவுப் பேச்சு

அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இந்த இரவுப் பேச்சுக்கு அரபியில் 'ஸமர்' என்று பெயர். அரபிகளின் பழைய வழக்கம் அது. நிலா வெளிச்சத்தில் கூடி உட்கார்ந்து கதை, கவிதை, குலப்பெருமை என்று நேரம் போவதே தெரியாமல் பேசுவார்கள். பேசுவதே பாவம் என்பதற்காக அது வெறுக்கப்படவில்லை. இமாம் நவவி (ரஹ்) போன்றவர்கள் காரணத்தை விளக்குகிறார்கள்: இரவில் விழித்துக் கிடந்தால் தஹஜ்ஜுத் போய்விடும், பஜ்ரும் கைநழுவும் அபாயம் உண்டு. உமர் (ரலி) அவர்கள் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் உட்கார்ந்திருந்தவர்களை அடித்து, இரவின் தொடக்கத்தில் அரட்டையும் அதன் கடைசியில் தூக்கமுமா என்று கேட்டதாக ஒரு செய்தி வருகிறது.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நுட்பத்தைப் பாருங்கள். ஸமர் வெறுக்கப்பட்டது என்று சொன்னதோடு விடவில்லை. மார்க்க அறிவுக்காகவும் நன்மைக்காகவும் இஷாவுக்குப் பின் பேசுவது என்று ஒரு பாடம் வைத்தார்கள். குடும்பத்தாரோடும் விருந்தாளியோடும் பேசுவது என்று இன்னொரு பாடமும் வைத்தார்கள். ஆக, கதவு முழுசாக அடைபடவில்லை. கல்வி, குடும்பம், விருந்தாளி ஆகியவற்றுக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பதினொரு மணி வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவனைக் குறை சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில், மய்யித் வீட்டில் ஒரு இரவு விழித்தால் அதற்கும் இடமுண்டு. நான் பேசுவது நாள் தவறாமல், காரணமே இல்லாமல், ஒரு மணி வரை ஓடும் விழிப்பைப் பற்றி.

அந்தக் கால ஸமருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று கதை சொல்கிறவருக்கும் தூக்கம் வரும். நிலா மறையும், விருந்தாளி எழுந்து போவார், பேச்சு தானாக முடியும். இன்றைய ஸமருக்கு முடிவே வைக்கப்படவில்லை. வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. கம்ப்யூட்டர் பக்கங்களில் முன்பெல்லாம் கீழே போனால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு இடம் வரும். அங்கே கை நிற்கும், மனம் ஒரு விநாடி யோசிக்கும். 2006-ல் ஏஸா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக அவரே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடும் இதே வகைதான். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் தங்கள் நிறுவனத்துக்குப் போட்டியாளர் எது என்று பேசும்போது, மனிதர்களின் தூக்கத்தைச் சொன்னார். மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார்.

2020 ஜூன் கடைசியில் நம் நாட்டில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. பெற்றோர்கள் பலர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ் வந்தது. இடம் காலியாக இருக்கவே இல்லை.

இதோடு பிள்ளையின் உடம்பையும் சேர்த்துப் பாருங்கள். வாலிபம் தொடங்கும்போது உடம்பின் தூக்கக் கடிகாரமே சற்றுப் பின்னால் தள்ளிப் போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சாய்ந்தவனுக்குப் பதினைந்து வயதில் அதே நேரத்தில் தூக்கம் வராது. அது அவனுடைய பிடிவாதம் இல்லை, படைப்பு. அதே சமயம் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இப்போது நம் ஊர்க் கணக்கைப் போடுங்கள். பஜ்ர் ஐந்து மணியை ஒட்டி. பள்ளிக்கூட வேன் ஏழரைக்கு. ஒரு மணிக்குச் செல்லை வைத்தவனுக்கு நான்கு மணி நேரம்தான் மிஞ்சும். பிறகு எரிந்து விழாமல் என்ன செய்வான்? பாட்டிலில் ஓதிய தண்ணீர் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அல்லாஹ் ஏற்கெனவே கொடுத்த ஒரு ஷிஃபா இரவுதான். தூக்கத்தை ஓய்வாகவும் இரவை ஆடையாகவும் ஆக்கியிருப்பதாக ஸூரத்துன் நபஃவில் அல்லாஹ் சொல்கிறான். அந்த ஆடை அவன் மேலிருந்து உரிக்கப்படுகிறது.

சட்டம் அடைக்குமா?

அரசாங்கங்களும் இந்த இரவைப் பற்றிக் கவலைப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. தென்கொரியா 2011-ல் ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய விளையாட்டுக்குள் நுழைய முடியாது. பிள்ளைகள் தாய் தகப்பனின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள். அதற்குள் விளையாட்டே கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு மாறிவிட்டது. சட்டம் அங்கே எட்டவில்லை. 2022 பிறந்தபோது அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டில் 2025-ல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டார்கள். கம்பெனிகள் வழக்குக்குப் போயின. விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து பாராளுமன்றம் சட்டம் போட்டது. நமக்கு அது எந்த மணியிலும் ஹராம்தான், அது சூதாட்டம். ஆனால் 12 முதல் 5 வரை என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள். பஜ்ர் பாங்கு வரைக்கும்! மார்க்கம் பேசாத அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்தாலும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனாலும் கொரியாவில் தாயின் எண்ணைப் போட்டுப் பிள்ளை நுழைந்தானே, அந்த எண் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? வீட்டிலிருந்துதானே.

வாலிபரோடு எப்படிப் பேசுவது

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். ஒரு நாள் கோபத்தில் செல்லைப் பிடுங்கிச் சுவரில் அடிப்பது, மறுநாள் பாசத்தில் புதுசு வாங்கிக் கொடுப்பது. இரண்டும் பிள்ளைக்கு ஒன்றையும் கற்றுத் தருவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் வாலிபர்களிடம் நடந்துகொண்ட இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஹஜ்ஜத்துல் விதாவில் பழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்து வந்தார்கள். இளைஞர், அழகானவர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் வந்து, வாகனத்தில் உட்கார முடியாத தன் வயதான தகப்பனாருக்காக நான் ஹஜ் செய்யலாமா என்று கேட்டார். பழ்ல் அவர்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் கையால் பழ்லின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள். ஏன் உங்கள் தந்தையின் சகோதரர் மகனின் கழுத்தைத் திருப்பினீர்கள் என்று அப்பாஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு வாலிபனையும் ஒரு இளம்பெண்ணையும் கண்டேன், அவர்கள் விஷயத்தில் ஷைத்தானைப் பற்றி எனக்கு அச்சமாக இருந்தது என்ற கருத்தில் பதில் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது.

வாகனத்திலிருந்து இறக்கிவிடவில்லை. எல்லோர் முன்னாலும் திட்டவில்லை. பழ்ல் அதே வாகனத்தில், நபியவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் தொடர்ந்து பயணம் செய்தார்கள். பார்வை மட்டும் திருப்பப்பட்டது. இதைச் செய்ய வேண்டுமென்றால் பிள்ளை நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டியவனின் முகத்தை எந்தக் கையால் திருப்புவீர்கள்?

இன்னொன்று. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் கல்யாணமாகாத வாலிபராகப் பள்ளிவாசலில் தூங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு கனவு கண்டார்கள். இரண்டு மலக்குகள் தம்மை நரகத்தின் பக்கம் கொண்டு போவதாக. பயந்துபோய்த் தம் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் நபியிடம் சொன்னார்கள். அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் தொழுபவராகவும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அதன் பிறகு தம் தந்தை இரவில் குறைவாகவே தூங்கினார்கள் என்று மகன் ஸாலிம் அறிவிக்கிறார். புகாரியில் உள்ளது.

ஒரு வாலிபனின் இரவை மாற்றிய சொல் அது. முதலில் பாராட்டு, அதற்குப் பிறகுதான் குறை. அந்தக் குறையும் ஆசையாகச் சொல்லப்பட்டது. கனவைக் கேட்டுச் சொன்னது சகோதரி என்பதையும் கவனியுங்கள். நம் வீட்டுப் பையன்கள் தகப்பனிடம் சொல்லாததை லாத்தாவிடம் சொல்வார்கள். அந்த வழியை அடைத்துவிடாதீர்கள்.

சில பெற்றோர் பிள்ளை தூங்கிய பிறகு அவன் செல்லைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறார்கள். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் என்ற முறையில் கண்காணிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அவனிடம் நேராகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒளிந்து பார்த்ததை அவன் கண்டுபிடிக்கும் நாளில் உங்கள் கையை விட்டுப் போய்விடுவான். செல் ராத்திரி ஹாலில் இருந்தால் இந்த ஒளிவு வேலைக்குப் பெரும்பாலும் அவசியமே வராது.

ஆம், நான் சொல்ல வந்தது இந்தச் சின்ன விஷயம்தான். இஷா முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒரு நேரத்தை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். பத்து மணி என்று வையுங்கள். வீட்டில் உள்ள அத்தனை செல்லும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போக வேண்டும். அத்தனையும் என்றால் அத்தாவுடையதும்தான். "நான் பயான்தானே கேக்குறேன்" என்பதெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது. பத்து நிமிட பயானுக்குக் கீழே என்னென்ன வந்து நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பஜ்ருக்கு அலாரம் வைக்க செல் வேண்டும் என்பான். முள் வைத்த அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் சண்டை வரும். தூக்கமும் உடனே வந்துவிடாது. புரண்டு புரண்டு படுப்பான். அந்த வாரம் நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குத்தான் இமாம் புகாரி குடும்பத்தாரோடு பேசுவதற்கென்று ஒரு பாடம் வைத்தார்கள்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் மஹல்லாக்களில் எத்தனையோ வீடுகளில் அத்தா இருப்பதே அந்தச் செல்லுக்குள்தான். சவூதியில் நீங்கள் வேலை முடிந்து அறைக்கு வந்து ஏழரைக்குக் கூப்பிடும்போது இங்கே பத்து மணி. துபாய் என்றால் ஒன்பது. உங்கள் அழைப்புக்காகத்தான் பையன் செல்லைக் கையில் வைத்திருக்கிறான் என்று உம்மாவும் விட்டுவிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்தும் அது அவன் கையில்தான் இருக்கிறது. அழைப்பை உம்மாவின் செல்லுக்குச் செய்யுங்கள். ஹாலில் வைத்து எல்லோரும் பேசட்டும். பேசி முடித்ததும், "இப்போ எல்லா செல்லையும் வெச்சிட்டுப் படுங்க" என்று நீங்களே சொல்லி அழைப்பை முடியுங்கள். தூரத்தில் இருக்கும் தகப்பனின் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம். மறுநாள் பேசும்போது மார்க்கைக் கேட்பதற்கு முன், பஜ்ர் ஜமாஅத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். போனவனுக்குத்தான் பதில் தெரியும்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் இரவுகளில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.